படம் காட்டியதும் ஊசி கேட்டதும்

அம்மாவின் காலுக்கு இறங்கும் வலிக்கு முதுகுத்தண்டில் ஊசி போட்டுப் பார்க்கலாம் என்று மருத்துவர் சொன்னதாக வீட்டில் தெரிவித்ததும், எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: கால் விளங்காமல் போய்விடாதா? சித்தி கேட்டார், பக்கத்து வீட்டு மாமி கேட்டார், சவூதியிலிருந்து அழைத்த தம்பியும் கேட்டான். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தின் மார்த்தாண்டம், குலசேகரம் வட்டாரத்தில் ஐம்பது வயதைக் கடந்த பெண்களிடம் நடுவு வலியை, அதாவது இடுப்பு வலியைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால், பிரசவ அறுவைச் சிகிச்சைக்கு முதுகில் போட்ட ஊசியில்தான் எல்லாம் தொடங்கியது என்று சொல்பவர்கள் நிறையப் பேர். அந்த ஊசியால் நீண்டகால முதுகு வலி வருவதாக ஆய்வுகள் காட்டவில்லை; ஆனாலும் நம்பிக்கை அசையவில்லை. அம்மாவுக்கு நடந்ததை இங்கே விரிவாக எழுதுவதற்கு அந்த அச்சம் ஒரு காரணம். கால் விளங்குமா என்பதையே திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டு, கட்டாயம் கேட்டிருக்க வேண்டிய வேறு கேள்விகளைப் பலரும் விட்டுவிடுகிறார்கள் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

முதலில் அச்சத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். மூளையிலிருந்து இறங்கும் தண்டுவடம், பெரியவர்களுக்கு இடுப்புப் பகுதியின் முதலாவது, இரண்டாவது முள்ளெலும்புகளின் மட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே இருப்பவை தனித்தனி நரம்பு வேர்கள். நீர் நிறைந்த ஓர் உறைக்குள் அவை தொங்கிக்கொண்டிருக்கின்றன. இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் வலிக்குப் பெரும்பாலும் நான்காவது, ஐந்தாவது முள்ளெலும்புகளின் மட்டத்திலோ, அதற்கும் கீழே வால் எலும்புக்குச் சற்று மேலுள்ள திறப்பின் வழியாகவோதான் ஊசி போடப்படுகிறது. மருந்து அந்த உறைக்குள் விடப்படுவதில்லை. உறைக்கு வெளியே, கொழுப்பும் சிறு ரத்தக் குழாய்களும் உள்ள குறுகிய இடைவெளியில் விடப்படுகிறது. பிரசவ அறுவைச் சிகிச்சைக்கு வழக்கமாகப் போடும் மரப்பு ஊசியோ உறையைத் துளைத்து உள்ளே போகிறது. ஊரில் இரண்டையும் ஒன்றாகவே பேசுகிறார்கள். கீழ்த் திறப்பின் வழியாக மருந்து செலுத்தும் முறையை 1901இல் பாரிஸில் சிக்கார், கத்தலான் என்ற இரு மருத்துவர்கள் தனித்தனியே வெளியிட்டார்கள். அன்று செலுத்தப்பட்டது கோகெயின். அந்தப் பகுதியில் வீக்கம் குறைக்கும் ஸ்டீராய்டு மருந்தைச் செலுத்தியது 1952இல், இத்தாலியில். ஆகவே இது நேற்று முளைத்த வைத்தியம் இல்லை. ஆபத்தே இல்லாத வைத்தியமும் இல்லை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

அம்மா இளம் வயதிலிருந்தே அண்டி ஆபீஸில் வேலை பார்த்தவர். முந்திரிக் கொட்டையை உடைப்பதும் பருப்பில் தோல் உரிப்பதும் தரையோடு தரையாக இருந்து செய்யும் வேலைகள். காலையிலிருந்து சாயங்காலம் வரை இடுப்பு முன்னால் வளைந்தே இருக்கும். முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள டிஸ்க்கின் நடுவே நுங்கு போன்ற ஒரு கூழ் இருக்கிறது. வளைந்து உட்காரும்போது அது பின்பக்கமாக அழுந்துகிறது. சுற்றியுள்ள நார்வளையம் நாளடைவில் தளர்ந்து கிழிந்தால் கூழ் பிதுங்கி அருகிலுள்ள நரம்பு வேரைத் தொடுகிறது. ஜவ்வு விலகிவிட்டது என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான். அம்மாவுக்கு நடுவு வலி புதிதில்லை. புதிதாக வந்தது, வலது புட்டத்தில் தொடங்கித் தொடையின் வெளிப்பக்கமாக இறங்கி, பாதத்தின் மேற்புறம் வழியாகப் பெருவிரல் வரை சுரீரென்று பாயும் வலி. இருமினால் கூடியது, தும்மினால் உயிர் போயிற்று.

வர்ம வைத்தியத்துக்குப் பேர்போன மாவட்டம் என்பதால், முதலில் ஆசானிடம்தான் போனோம். அவர் எண்ணெய் இட்டுத் தடவிச் சில வாரங்கள் பார்த்தார். ஒருநாள் அம்மாவைக் கட்டிலில் இருத்தி, இரண்டு பெருவிரல்களையும் மேல்நோக்கித் தூக்கச் சொல்லித் தன் விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, “வலத்தே பெருவிரலு பொங்கமாட்டேங்கே அம்மா, இனி படம் எடுத்துப் பாத்துருங்க” என்றார். ஐந்தாவது இடுப்பு நரம்பு வேர் நசுங்கினால் பெருவிரலைத் தூக்கும் தசைதான் முதலில் சோரும் என்று நரம்பியல் மருத்துவர் பிறகு சொன்னபோது, ஆசானின் மேல் இருந்த மரியாதை எனக்கு இரட்டிப்பானது.

எல்லா முதுகு வலிக்கும் படம் தேவையில்லை. காய்ச்சல், காரணமின்றி எடை குறைதல், புற்றுநோய் வரலாறு, விழுந்து அடிபட்டது, காலில் பலம் குறைவது போன்ற எதுவும் இல்லையென்றால், முதல் ஆறு வாரங்களுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்காமலேயே பார்க்கலாம் என்பதுதான் பல நாடுகளின் மருத்துவ வழிகாட்டுதல். டிஸ்க் பிதுங்கியதால் வரும் கால் வலி பெரும்பாலானவர்களுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களுக்குள் தானாகவே தணியத் தொடங்குகிறது. பிதுங்கிய பகுதியை உடலே மெல்ல உறிஞ்சிக்கொள்வதும் உண்டு. அம்மாவின் விரல் பலமிழந்ததால் காத்திருக்க இடமில்லாமல் போயிற்று. எக்ஸ்ரே எலும்பை மட்டும் காட்டும். முள்ளெலும்பு ஒன்றின்மேல் ஒன்று நழுவியிருக்கிறதா என்று பார்க்க, நின்றும் வளைந்தும் எடுக்கும் எக்ஸ்ரே உதவும். டிஸ்க்கும் நரம்பும் தெளிவாகத் தெரிய வேண்டுமானால் எம்.ஆர்.ஐ.தான். அதில் கதிர்வீச்சு இல்லை. சி.டி. ஸ்கேனில் உண்டு, இதயத் துடிப்புக்காகப் பொருத்திய பேஸ்மேக்கர் போன்ற காரணங்களால் எம்.ஆர்.ஐ.யின் காந்தத்துக்குள் போக முடியாதவர்களுக்கு அதுதான் மாற்று. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கும்போது தனியாரிடம் ஏன் போனாய் என்று கேட்பவர்களுக்கு: அந்த வாரம் எங்களுக்குத் தேதி கிடைத்த இடம் அந்தத் தனியார் ஸ்கேன் மையம்தான், வேறு காரணமில்லை.

முன்பதிவு செய்யும்போது கையில் தரும் கேள்வித்தாளைப் பலர் வங்கிப் படிவம் நிரப்புகிற அவசரத்தில் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று குறித்துக் கொடுத்துவிடுகிறார்கள். அந்த ஒரு பக்கம்தான் எம்.ஆர்.ஐ.க்கான ஆயத்தத்தில் பாதி. எந்திரத்தின் காந்தம் பொதுவாக 1.5 அல்லது 3 டெஸ்லா வலிமை கொண்டது. சிறிய எண்ணான 1.5 டெஸ்லாவே நம் பகுதியில் பூமிக்குள்ள காந்தப்புலத்தைவிட 30,000 மடங்குக்கும் மேல். திரவ ஹீலியத்தில் குளிர்விக்கப்பட்ட அந்தக் காந்தம், படம் எடுக்காத நேரத்திலும், ஊரில் மின்சாரம் போனாலும் இயங்கிக்கொண்டேதான் இருக்கும். 2018 ஜனவரியில் மும்பையில் ஒரு மருத்துவமனையில், உறவினருக்காக ஆக்சிஜன் உருளையைக் கையில் பிடித்தபடி அந்த அறைக்குள் போனவர், உருளையோடு எந்திரத்துக்குள் இழுக்கப்பட்டு இறந்தார். அவர் நோயாளியல்ல, துணைக்குப் போனவர். கூடப் போகிறவர்களின் சட்டைப்பையையும் மடியையும் சோதிப்பதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

பேஸ்மேக்கர், மூளை ரத்தக் குழாயில் போட்ட கிளிப், காதுக்குள் பொருத்திய கருவி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் படம் எடுக்கும் நாளன்று சொல்வது தாமதம். தேதி வாங்கும்போதே சொல்லி, கருவியின் அட்டையைக் காட்ட வேண்டும். புதிய பேஸ்மேக்கர்களில் சில எம்.ஆர்.ஐ.க்கு ஏற்றவை, ஆனால் அதை அந்த அட்டைதான் சொல்லும். இதய ஸ்டென்ட், காப்பர்-டி, எலும்பில் வைத்த தகடு போன்றவை பெரும்பாலும் தடையாவதில்லை என்றாலும் அவற்றையும் எழுதிவிட வேண்டும். நம் மாவட்டத்துக்கு இன்னொன்று முக்கியம். வெல்டிங் பட்டறையிலோ படகு கட்டும் இடத்திலோ வளைகுடாவிலோ வேலை பார்த்த ஆண்கள், எப்போதாவது கண்ணில் இரும்புத் தூசு தெறித்திருந்தால் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். கண்ணுக்குள் தங்கிவிட்ட சிறு இரும்புத் துகள் காந்தத்தில் நகர்ந்தால் பார்வையே போகக்கூடும். சந்தேகம் இருந்தால் கண்குழிக்கு ஓர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த பிறகே உள்ளே விடுவார்கள்.

காத்திருப்புப் பகுதியில் முட்டம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் இருந்தார். சட்டை, வேட்டி எல்லாம் மாற்றி மருத்துவமனை உடையோடு வந்தவரின் இடுப்பில் வெள்ளி அரைஞாண் கொடி அப்படியே இருந்தது. டெக்னீஷியன் பையன் அதையும் கழற்றச் சொன்னதும், “சின்னதிலே கெட்டினது மக்களே, அவுக்கப்படாது” என்று அடம்பிடித்தார். வெள்ளியைக் காந்தம் இழுக்காது என்பது உண்மைதான். ஆனால் உலோக வளையம் படம் எடுக்க வேண்டிய இடுப்பு மட்டத்தையே சுற்றிக் கிடந்தால் படம் சிதையும்; ரேடியோ அலையில் சூடேறித் தோல் பொசுங்கவும் வாய்ப்புண்டு. வெளியே உட்கார்ந்திருந்த அவருடைய மனைவி எட்டிப் பார்த்து, “அறுத்துரும், நான் வேற கெட்டித் தாறேன்” என்ற பிறகுதான் கொடி இறங்கியது. செப்புத் தகடு வைத்த தாயத்து, வருடக்கணக்காகக் கழற்றாத மூக்குத்தி, கொண்டை ஊசி, சேலையில் குத்தி மறந்துபோன ஊக்கு, பல் செட், வலிக்காக ஒட்டிய மருந்துப் பட்டை எல்லாம் இந்த வகைதான். இறுகிப்போன மூக்குத்தியையும் வளையலையும் முந்தின நாளே எண்ணெயோ சோப்போ போட்டுக் கழற்றி வைத்துவிடுவது நல்லது. அங்கே போய் அவசரத்தில் இழுத்தால் ரத்தம் வரும். தாலியைக் கழற்றத் தயங்குகிறவர்கள் மஞ்சள் துண்டைக் கயிற்றில் கோத்துக் கட்டிக்கொண்டு வருவதைப் பார்த்தேன். அம்மா ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். மணிகள் பிளாஸ்டிக், கோத்திருந்த கம்பி உலோகம். ‘அதை மகன்கிட்ட குடுத்துட்டு விரலை எண்ணிச் சொல்லுங்க அம்மா’ என்று அந்தப் பையன் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது.

வெறும் வயிற்றோடு வர வேண்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கேட்காமலேயே பட்டினியாக வருகிறவர்களும் இருக்கிறார்கள். சாயம் செலுத்தாமல் எடுக்கும் இடுப்பு எம்.ஆர்.ஐ.க்குப் பட்டினி தேவையில்லை. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு சாப்பிடாமல் மணிக்கணக்கில் காத்திருப்பதில்தான் ஆபத்து. காடோலினியம் என்ற சாயம் செலுத்தப்போவதாக இருந்தால், மையம் சொல்லும் நேரப்படி உணவை நிறுத்தலாம். முன்பு அறுவைச் சிகிச்சை நடந்த முதுகு, கிருமித் தொற்று, கட்டி என்ற சந்தேகம் போன்றவற்றுக்கு அது தேவைப்படும். அதற்குச் சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினின் முடிவு கையில் இருக்க வேண்டும். ரத்த அழுத்த மாத்திரையை வழக்கம்போல் போடலாம். உள்ளே போவதற்குச் சற்று முன்பு கழிப்பறைக்குப் போய்வருவது சிறிய விஷயமாகத் தெரிந்தாலும், இருபது முப்பது நிமிடம் அசையாமல் கிடக்க வேண்டியவருக்குச் சிறிய விஷயமில்லை. மல்லாந்து படுத்தாலே வலி கூடுகிறவர்கள், மருத்துவர் எழுதிக் கொடுத்த வலி மாத்திரையை ஒரு மணி நேரத்துக்கு முன்பே போட்டுக்கொள்வதும், முழங்காலுக்கு அடியில் மெத்தை வைக்கச் சொல்வதும் உதவும். எந்திரத்தின் தடதடப்புக்குக் காதடைப்பான் தருவார்கள். கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, முடியவில்லையென்றால் அமுக்கச் சொல்வார்கள். மூடிய இடத்தில் மூச்சு முட்டும் என்று முன்பே தெரிந்தவர்கள், அதை மருத்துவரிடம் சொன்னால் லேசான மயக்க மருந்துக்கு ஏற்பாடு செய்வார்கள். பழைய படங்கள் இருந்தால், அறிக்கையை மட்டுமல்ல, ஃபிலிமையோ குறுந்தகட்டையோ கையோடு கொண்டுபோக வேண்டும்.

அறிக்கை சாயங்காலமே வந்தது. நான்கு மட்டங்களில் குறை எழுதியிருந்தது: டிஸ்க் நீர் வற்றியிருக்கிறது, புடைத்திருக்கிறது, பிதுங்கியிருக்கிறது, உறையை அழுத்துகிறது. அதைப் படித்தால் இந்த அம்மாள் எப்படி எழுந்து நடந்து ஸ்கேன் எடுக்க வந்தார் என்றுதான் தோன்றும். தம்பி வாட்ஸ்ஆப்பில் வாங்கிப் பார்த்துவிட்டு அறுவைச் சிகிச்சைக்குப் பணம் அனுப்பட்டுமா என்று கேட்டான். வலியே இல்லாத 3,110 பேரின் படங்களைத் தொகுத்து 2015இல் வெளியான ஓர் ஆய்வு, இருபது வயதினரில் 37 விழுக்காட்டினருக்கும் எண்பது வயதினரில் 96 விழுக்காட்டினருக்கும் டிஸ்க் தேய்மானம் தெரிவதாகக் காட்டியது. டிஸ்க் புடைப்பு முறையே 30, 84 விழுக்காடு. அதாவது, படத்தில் தெரிவதெல்லாம் வலிப்பதில்லை. அம்மாவின் படத்தில் இருந்த நான்கு குறைகளில், நான்காவது, ஐந்தாவது முள்ளெலும்புகளுக்கு இடையில் வலப்பக்கமாகப் பிதுங்கிய ஒன்று மட்டும்தான் பெருவிரலின் பலவீனத்தோடும் வலி இறங்கிய பாதையோடும் பொருந்தியது. அறிக்கை எழுதிய கதிரியக்க மருத்துவர் அம்மாவின் காலைப் பார்க்கவில்லை. அவர் கண்ட எல்லாவற்றையும் எழுத வேண்டியது அவர் கடமை. எது குற்றவாளி என்பதைத் தீர்மானிப்பது, காலைத் தொட்டுப் பார்க்கிற மருத்துவரின் வேலை. அறிக்கையை உறவினர் குழுக்களில் பரப்புவதற்கு முன் அந்தச் சந்திப்பு முடிந்துவிடுவது எல்லோருடைய ரத்த அழுத்தத்துக்கும் நல்லது.

நாங்கள் திருவனந்தபுரத்தில் ஒரு மருத்துவமனைக்குப் போனோம். கேரள எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்டி வைத்தியத்துக்குப் போவது இங்கே பலருக்கும் பழக்கமானதுதான். அங்கிருந்த வலி சிகிச்சை மருத்துவர், விரலின் பலம் மேலும் குறைந்தால் அறுவைச் சிகிச்சையே சரி என்றும், அதுவரை ஐந்தாவது நரம்பு வேர் வெளியேறும் துவாரத்தின் அருகே ஊசி போட்டுப் பார்க்கலாம் என்றும் சொன்னார். அவர் சொன்ன இன்னொன்றுதான் எனக்கு இந்த வைத்தியத்தையே புரியவைத்தது. சிரிஞ்சில் இரண்டு மருந்துகள் இருக்கும்: ஒன்று லிடோகெயின் வகை மரப்பு மருந்து, மற்றொன்று வீக்கம் குறைக்கும் ஸ்டீராய்டு. மரப்பு மருந்து சில நிமிடங்களில் வேலை செய்து சில மணி நேரத்தில் அடங்கிவிடும். ஸ்டீராய்டு வேலை செய்யத் தொடங்க இரண்டு நாள் முதல் ஒரு வாரம் வரை ஆகும். முதல் சில மணி நேரத்தில் கால் வலி அடியோடு போயிற்றென்றால், சரியான நரம்பைத்தான் பிடித்திருக்கிறோம் என்று பொருள். அப்போதும் வலி அசையாவிட்டால், படத்தில் தெரிந்த அந்தப் பிதுக்கம் காரணமில்லையோ என்று மறுபடி யோசிக்க வேண்டும். இந்த ஊசி ஒரு மருந்து மட்டுமல்ல, படத்திடம் கேட்கும் ஒரு குறுக்கு விசாரணையும் கூட.

இதை யாரும் முன்கூட்டிச் சொல்லாததால்தான், மரப்பு தெளிந்து, ஸ்டீராய்டு இன்னும் தொடங்காத இரண்டாம் நாளில், ‘ஊசி பிடிக்கவில்லை’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். மறுபரிசோதனையில் மருத்துவர் முதல் நான்கு மணி நேரம் எப்படி இருந்தது என்று கேட்டால் யாருக்கும் நினைவிருப்பதில்லை. அம்மாவுக்காக நாட்காட்டியிலிருந்து கிழித்த தாளின் பின்பக்கத்தில் மணிவாரியாகக் கோடு போட்டுக் கொடுத்திருந்தேன். பூஜ்யம் முதல் பத்து வரை எண் போடச் சொன்னதை அவர் ஏற்கவில்லை. ‘நல்லா இருக்கு’, ‘கொஞ்சம் உண்டு’, ‘கடுப்பு’, ‘தாங்க ஒக்காது’ என்று தன் கையெழுத்தில் எழுதினார். மருத்துவருக்கு அது போதுமானதாக இருந்தது.

ஊசிக்கான ஆயத்தத்தில் முதலிடம் மாத்திரைப் பட்டியலுக்கு. ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரைகளோடு இந்த ஊசியைப் போட்டால், உறைக்கு வெளியே ரத்தம் கசிந்து தேங்கி நரம்புகளை நெரிக்கலாம். அப்போதுதான் கால் விளங்காமல் போகும் என்ற அச்சத்துக்கு உண்மையான இடம் உண்டு. குளோபிடோக்ரெல் என்றால் பொதுவாக ஒரு வாரத்துக்கு முன்பும், வார்ஃபரின் என்றால் ஐந்து நாள் முன்பும் நிறுத்தி, வார்ஃபரினுக்கு, ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். என்ற பரிசோதனையும் பார்ப்பார்கள். ஆனால் ஸ்டென்ட் வைத்தவர் தாமாக அந்த மாத்திரையை நிறுத்தினால் மாரடைப்பு வரலாம். எனவே நிறுத்துவதா, எத்தனை நாள், எப்போது மீண்டும் தொடங்குவது என்பதை இதய மருத்துவர் எழுதிக் கொடுக்க வேண்டும், வாய்ப்பேச்சு போதாது. வைத்தியசாலையில் வாங்கிய அரிஷ்டம், கஷாயம், மீன் எண்ணெய் மாத்திரை ஆகியவற்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். உடலில் எங்காவது கிருமித் தொற்றோ காய்ச்சலோ சீழ்க்கட்டியோ இருந்தால் ஊசியைத் தள்ளிப்போடுவார்கள். எக்ஸ்ரே வழிகாட்டலில் போடுவதால், கர்ப்பமாக இருக்க வாய்ப்புள்ளவர்கள் அதைச் சொல்ல வேண்டும். சாயத்துக்கு ஒவ்வாமை வந்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும்.

சர்க்கரை நோயாளிகளுக்கு இன்னொரு எச்சரிக்கை. ஸ்டீராய்டு முதுகில் போட்டாலும் ரத்தத்தில் கலக்கும். சில நாட்கள், சிலருக்கு ஒரு வாரத்துக்கு மேலும் சர்க்கரை ஏறி நிற்கும். அம்மாவுக்கு 300ஐத் தாண்டியது. முன்கூட்டியே சர்க்கரை மருத்துவரிடம் சொல்லி மாத்திரை அளவைக் கூட்டும் குறிப்பு வாங்கியிருந்ததால் பதறவில்லை. முகம் சிவந்து சூடாவதும், ஓரிரு இரவுகள் தூக்கம் வராததும் இதே மருந்தின் வேலைகள்தான்.

எந்த ஸ்டீராய்டு என்று கேட்பதும் நோயாளியின் உரிமை. டிரையம்சினலோன், மெத்தில்பிரெட்னிசலோன் போன்றவை நுண்துகள்கள் கொண்டவை; ஊசி முனை தவறிச் சிறு ரத்தக் குழாய்க்குள் போனால் துகள்கள் அடைத்துக்கொள்ளக்கூடும். டெக்சாமெத்தசோன் கரைந்த நிலையில் இருப்பது. கழுத்துப் பகுதியில் இந்த வேறுபாடு மிகவும் முக்கியம். பார்வை இழப்பு, பக்கவாதம், கைகால் முடக்கம், மரணம் ஆகியவை அரிதாக நேர்வதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014 ஏப்ரலில் எச்சரிக்கை வெளியிட்டது. முதுகுத்தண்டில் இப்படிப் பயன்படுத்துவதற்கு ஸ்டீராய்டுகளுக்குத் தான் ஒப்புதல் அளிக்கவில்லை என்பதையும் அது சேர்த்துச் சொன்னது. அதற்கு முன், 2012இல் அமெரிக்காவில் ஒரே மருந்தகம் தயாரித்த ஸ்டீராய்டுக் குப்பிகளில் பூஞ்சை கலந்திருந்ததால் 750க்கும் மேற்பட்டோர் நோயுற்று, 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். குப்பியை உங்கள் கண் முன்னே திறக்கச் சொல்லிக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஊசி போட்ட நிகழ்வு இவற்றோடு ஒப்பிட்டால் சின்னது. குப்புறப் படுக்க வைத்து, வயிற்றுக்கு அடியில் தலையணை கொடுத்து, முதுகை மருந்தால் துடைத்து, தோலை மரக்கவைத்து, சி-ஆர்ம் என்ற எக்ஸ்ரே கருவியின் திரையைப் பார்த்தபடி ஊசியை இறக்குகிறார்கள். கொஞ்சம் சாயம் விட்டு அது நரம்பின் வழியே படர்வதை உறுதி செய்த பிறகே மருந்து. மருந்து நுழையும்போது காலில் அழுத்தமாக ஒரு வலி ஓடும். “இந்த வேதனை தானா அம்மா?” என்று மருத்துவர் தன் மலையாளத் தமிழில் கேட்டதும், “அதுதான் சாரே, அதேதான்” என்று அம்மா கத்தியது வெளியே இருந்த எனக்கும் கேட்டது. அப்படிக் கேட்டுப் பதில் வாங்குவதற்காகவே இதற்கு முழு மயக்கம் கொடுப்பதில்லை. மொத்தம் கால் மணி நேரம் இருக்கும். சிலருக்கு அன்றைக்குக் கால் கனத்து மரத்திருக்கும் என்பதால் வண்டி ஓட்டக்கூடாது. இரு சக்கர வாகனத்தில் பின்னால் உட்கார்ந்தும் வர வேண்டாம். பேருந்தைத் தவிர்த்து ரயிலில் நாகர்கோவில் வந்து சேர்ந்தோம்.

பிறகு கவனிக்க வேண்டியவை சில உண்டு. எழுந்தால் தலை பிளப்பதும் படுத்தால் தணிவதுமாக இருந்தால், ஊசி உறையில் துளை போட்டிருக்கலாம். பெரும்பாலும் சரியாகிவிடும், ஆனால் தெரிவிக்க வேண்டும். காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் முதுகு வலி, இரு கால்களிலும் பலம் குறைதல், சிறுநீர் பிரியாமை, மலம் கட்டுப்படாமை, தொடை இடுக்கிலும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போதல் ஆகியவற்றில் எது வந்தாலும் மறுநாள் வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். ஊசி போடாதவர்களுக்கும் இது பொருந்தும். இந்த அறிகுறிகளைப் பெண்கள் வெட்கத்தால் மறைத்து, நேரம் தவறிப்போவது நடக்கிறது.

ஊசியால் என்ன பலன் என்பதில் நான் அளவாகவே சொல்வேன். முதுகெலும்புக்குள் நரம்புகள் இறங்கும் குழாய் குறுகியதால் வலிப்பட்ட 400 பேரிடம் நடந்து 2014இல் வெளியான அமெரிக்க ஆய்வில், மரப்பு மருந்தோடு ஸ்டீராய்டு சேர்த்தவர்களுக்கும் மரப்பு மருந்து மட்டும் பெற்றவர்களுக்கும் ஆறு வாரத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. டிஸ்க் பிதுங்கிக் கால் வலிப்பவர்களுக்குச் சிறிய, குறுகிய காலப் பலன் உண்டு என்பதே 2020இல் வந்த ஆய்வுத் தொகுப்பின் முடிவு. 2025 பிப்ரவரியில் பிரிட்டனின் முன்னணி மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான வழிகாட்டுதல், மூன்று மாதத்துக்கு மேற்பட்ட முதுகெலும்பு வலிக்கு இவ்வகை ஊசிகளே வேண்டாம் என்று அழுத்தமாகச் சொன்னது. வலி சிகிச்சை மருத்துவர்களின் சங்கங்கள் சில அதை மறுத்திருக்கின்றன. என் தீர்ப்பு இது: புதிதாக வந்த, ஒரே நரம்பின் பாதையில் காலுக்கு இறங்கும், படத்தோடு பொருந்துகிற வலிக்கு இந்த ஊசி கேட்டுப் பார்க்கத் தகுந்தது. வருடக்கணக்கான வெறும் நடுவு வலிக்கு, அதுவும் முதல் ஊசியின் பலன் தெரியும் முன்பே மூன்று ஊசிகளுக்குச் சேர்த்துத் தொகுப்புக் கட்டணம் சொல்லும் இடத்தில், எழுந்து வந்துவிடலாம். முதல் ஊசி பலனளிக்காதபோது அதே இடத்தில் இரண்டாவது எதற்கு?

அம்மாவுக்கு ஒரு வாரத்தில் கால் வலி பெருமளவு அடங்கியது. விரலின் பலம் அதைவிட மெதுவாக, மாதக்கணக்கில் திரும்பியது. வலி இல்லாத அந்த இடைவெளியில்தான் பிசியோதெரபி நடந்தது. குனிந்து நடந்தவர் நிமிர்ந்து நடக்கப் பழகினார். அருவாமனை தரையிலிருந்து சமையல் மேடைக்கு ஏறியது. மீன் நறுக்க அது வசதிப்படவில்லை என்ற புகார் இன்னும் ஓயவில்லை. பூசையில் முழந்தாளிடாமல் நாற்காலியில் இருக்கச் சம்மதிக்க வைப்பதற்குப் பங்குத்தந்தையின் சிபாரிசு வேண்டியிருந்தது.

அம்மா நன்றாக நடப்பதைப் பார்த்து, முதல் நாள் கால் விளங்குமா என்று கேட்ட மாமியே மருத்துவரின் எண்ணைக் கேட்டு வந்தார். வலி காலுக்கு இறங்குகிறதா என்று கேட்டேன். இல்லை, இடுப்போடு நிற்கிறது, காலையில் எழும்போது பிடிக்கும், நடந்தால் இளகும் என்றார். இரண்டு வருடங்களுக்கு முன் ஸ்டென்ட் வைத்தவர், சர்க்கரையும் உண்டு. அம்மாவுக்குப் போட்ட ஊசி அவருடைய வலிக்கானதில்லை என்பதையும், முதுகு மூட்டுகளுக்கு வேறு வகை ஊசி உண்டு என்றாலும் அதற்கு முன் பார்க்க வேண்டியவை இருக்கின்றன என்பதையும் சொல்லி, அவர் சாப்பிடும் மாத்திரைகளின் பெயரையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். மாமி இப்போது பிசியோதெரபிக்குப் போய்வருகிறார். ஊசியைப் பற்றி இன்னும் முடிவு செய்யவில்லை. இதய மருத்துவரைப் பார்க்கும் தேதி அடுத்த மாதம்தான்.